பாலிசி எடுத்தும் பணம் இல்லை!
கடைக்காரர்களே, தேதியைப் பாருங்கள்

வட்டக்கோட்டையைச் சுற்றிப்பார்க்க வரும் கூட்டத்தை நம்பி ஒருவர் ஓட்டல் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

டிசம்பர் சீசனில் சாப்பிட வந்த ஒருவர் ஈரத்தரையில் வழுக்கி விழுகிறார். கால் முறிவு! அன்று ஓட்டலுக்கு பொதுப்பொறுப்பு இன்சூரன்சு இருக்கிறது. மார்ச் மாதம் அது முடிகிறது. "ஒரு வம்பும் வரல்லியே, எதுக்கு தெண்டம்?" என்று முதலாளி புதுப்பிக்கவில்லை.

அடுத்த டிசம்பரில் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீசு வருகிறது.

"அவரு விழுந்த அன்னைக்கு பாலிசி இருந்துதுலா?" என்று கேட்கிறார் முதலாளி.

"இருந்தது அண்ணாச்சி. நோட்டீசு வந்த அன்னைக்கு இல்லியே!" என்கிறார் ஏஜெண்டு.

இது என்ன நியாயம்?

லாரி, பைக் இன்சூரன்சு வேறு. விபத்து நடந்த அன்று பாலிசி இருந்தால் போதும். வழக்கு பிறகு வந்தாலும் அந்தக் கம்பெனிதான் பொறுப்பு.

ஆனால் பொதுப்பொறுப்பு பாலிசிகள் பல, "கிளெய்ம்ஸ் மேட்" ரகம். இதில் 2 தேதிகள் பொருந்த வேண்டும். பாலிசியில் குறித்துள்ள முன்தேதிக்குப் பிறகு சம்பவம் நடந்திருக்க வேண்டும். நஷ்டஈடு கேட்பதும் பாலிசி நடப்பில் இருக்கும்போதே வரவேண்டும்.

ஆபத்து எங்கே?

சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாம். ஓட்டலுக்கு மட்டும் அல்ல. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. டாக்டர்கள் எடுக்கும் பாலிசியும் பெரும்பாலும் இதே ரகம்தான்.

என்ன செய்யலாம்?

* யாராவது விழுந்தால், அன்றே கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். இதற்கான ஷரத்து பாலிசியில் இருந்தால், கேஸ் பிறகு வந்தாலும் அந்த ஆண்டுக் கணக்கிலேயே சேரும்.

* ஒரு வருஷம்கூட விடாமல் புதுப்பியுங்கள்.

* கம்பெனி மாறினால் பழைய முன்தேதியையே புது பாலிசியிலும் போடச் சொல்லுங்கள்.

* கடையை மூடினால், அதன்பின் வரும் கேசுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். பல பாலிசிகளில் 90 நாள்தான்!

பிரீமியம் மிச்சம் என்று நினைத்த அந்த ஒரு வருஷம், கடைசியில் கடையையே கேட்கும்!