முகாம் நெரிசலில் அறிவுத்திறன் சோதனையா?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அதற்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று வேண்டும். அந்தச் சதவீதம் உளவியல் சோதனையில்தான் முடிவாகிறது. மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறையில், வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம் என்று இருந்தது. 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம்தான். அப்படியொரு கோட்டில் 69 என்பது 70 ஆனால் உத்திரமேரூர் பக்கத்துக் கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பணம் இல்லை. ஒழுங்காக நடத்திய அறிவுத்திறன் சோதனையிலேயே ஐந்து மதிப்பெண் வரை முன்பின் ஆகலாம் என்பது துறையினர் ஒப்புக்கொண்ட உண்மை. அப்படியிருக்க, சான்று வழங்கும் முகாமின் நெரிசலில் எடுத்த எண்ணைக் கொண்டு ஒரு குழந்தையின் உரிமையை முடிவு செய்வது அநியாயம்.

வைன்லாந்து அளவுகோலில் கேள்விகள் பெரும்பாலும் தாயிடம்தான். பிள்ளை தானே சட்டைப் பித்தான் போடுகிறதா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறதா என்று கேட்பார்கள். வரிசையில் ஊர்க்காரர்கள் காதைக் கொடுத்து நிற்கும்போது எந்தத் தாய் உள்ளதைச் சொல்வாள்? ஒருத்தி கூச்சத்தில் குறையை மறைப்பாள்; இன்னொருத்தி சான்று கிடைக்காதோ என்ற பயத்தில் கூட்டிச் சொல்வாள். தவறு அவர்களுடையதல்ல, இடத்தினுடையது. எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில், சோதிப்பவர் வினாடிக்கு ஓர் எண்ணாக, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்ல வேண்டும். பக்கத்து ஒலிபெருக்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், அங்கே அளக்கப்படுவது குழந்தையின் நினைவாற்றலே அல்ல. இரண்டு பேருந்து மாறி, பசியோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது இன்னும் கொடுமை.

மொழியும் சிக்கல்தான். பினே-காமத் அறிவுத்திறன் சோதனை 1930-களில் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்காக உருவானது. அதை அவரவர் வாய்க்கு வந்த தமிழில் கேட்டால் தரப்படுத்தியதற்கே பொருளில்லை. செங்கல் சூளையில் வளரும் இருளர் பிள்ளை நகரத்துப் பொருளின் படத்தை அடையாளம் காணாதது அறிவுக்குறை ஆகாது.

நடைமுறையை நுணுக்கமாக வகுப்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. பராந்தகச் சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு, ஓலையை ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பதுவரை சொல்லியிருக்கிறது.

முகாம் முதற்கட்டப் பரிசோதனையோடு நிற்கட்டும். முழுச் சோதனையை வேறொரு நாளில், உத்திரமேரூர் அரசு மருத்துவமனையிலேயே, தனி அறையில், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் நடத்த வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளை வேறொரு கருவியால் மறுபடி சோதிக்க, முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் உதவியை மாவட்ட நிர்வாகம் கேட்டுப் பெறலாம். சோதனை எதற்கு என்பதை முன்னதாகத் தாய்க்குச் சொல்ல வேண்டும். முடிவையும் அவளுக்குப் புரியும் தமிழில் விளக்கி, அறிக்கையின் நகலைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த எண் பள்ளியிலோ தெருவிலோ பேச்சாகக் கூடாது. சான்று மறுக்கப்பட்டால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. அதை எங்கே, எப்படிச் செய்வது என்று மறுப்புக் கடிதத்திலேயே தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும்.