கோடும் பொடியும்

சுண்ண பாஸ்டலில் கதைக்குப் படம் போடுகிறவனை அலங்காரக்காரன் என்று ஒதுக்குவது நம் சிறுபத்திரிகை விமர்சனத்தின் பழக்கம். நான் இதை ஒப்பவில்லை. 1938இல் திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரில் பிறந்த ஆதிமூலத்தின் கோட்டை நாம் கொண்டாடியது சரியே. ஆனால் கோடு மட்டுமே நவீனம் என்று எப்போது தீர்மானமாயிற்று? அன்று கோட்டுப் படத்துக்கு லைன் பிளாக் போதும், செலவு குறைவு. பாஸ்டலின் சாயைகளுக்கு ஹாஃப்டோன் வேண்டும், வழவழப்பான காகிதம் வேண்டும். காசில்லை. இல்லாமையை அழகியலாக்கிவிட்டோம். கண் உபாதையால் எண்ணெய் வர்ணத்தை விட்ட ஷார்தான் 1775இல் பாஸ்டலில் தன் முகத்தையே வரைந்தார். அதில் அலங்காரம் எங்கே? ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரத்தில் வெயில் படிவதை, விரலால் தேய்த்த பொடி சொல்கிற மாதிரி கோடு சொல்லாது. பொடி செத்தது அச்சில். ஓவியன் கையில் அல்ல. தீர்ப்பு எழுதுகிறவர்கள் முதலில் அசலைப் பார்க்கட்டும்.