மிளகாய் அரைக்கும் மனுதாரர்கள்

பல்லடத்துக்காரர் மனுக் கொடுக்கக் கிளம்பினால் இரண்டு திசை உண்டு. வடக்கே, திருப்பூர் போகும் ரோட்டில் கலெக்டர் ஆபீஸ். அங்கே திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். தெற்கே காமநாயக்கன்பாளையம், நெகமம், பொள்ளாச்சி தாண்டிப் போனால் ஆனைமலை மாசாணியம்மன். அங்கே செவ்வாய், வெள்ளி, அமாவாசை. கலெக்டர் ஆபீஸில் மனுவுக்கு ரசீது கொடுப்பார்கள். ஆனைமலையில் ரசீது கிடையாது, கெடு உண்டு. 90 நாள்.

ஆழியாறும் உப்பாறும் கூடுகிற இடத்தில், தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்திருக்கிறாள் அம்மன். அதே வளாகத்தில் நீதிக்கல். வந்தவர்கள் வரமிளகாயை வாங்கி ஆட்டுக்கல்லில் போட்டு அரைக்கிறார்கள். நான்கு சுற்று சுற்றுவதற்குள் கண்ணில் நீர் கொட்டுகிறது, தும்மல் வருகிறது, விரலிடுக்கு எரிகிறது. அந்த விழுதை வழித்துக் கல்லில் அப்பிவிட்டு, நடந்ததைச் சொல்கிறார்கள். சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனவன், வரப்பை வெட்டித் தன் காட்டோடு சேர்த்துக்கொண்ட பங்காளி, பீரோவிலிருந்து காணாமல் போன நகை, கூலிப் பாக்கி. “நாயம் கேட்டுப்போட்டு வரோணும்” என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார்கள். “சாமி கும்பிட்டுட்டு வர்றேன்” என்பது அதற்கு அடுத்துத்தான்.

படித்தவர்கள் சிலர் இதைப் பில்லி சூனியத்தோடு சேர்த்துச் சிரிக்கிறார்கள். அது சரியான கணக்கல்ல. சூனியம் மறைவில் நடக்கும்; இது பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, தன் கண்ணீரோடு சொல்லும் புகார். ஸ்டேஷனில் எழுதி வாங்காமல் திருப்பி அனுப்பப்பட்டவருக்கும், வாய்தா வாய்தாவாக நடந்து செருப்புத் தேய்ந்தவருக்கும் கடைசியாக மிஞ்சியிருக்கும் ஜன்னல் இது. இந்த வரிசையின் நீளத்தைப் பக்தியின் அளவாக மட்டும் எடுத்துக்கொண்டால், முதல் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர்கள் சுலபமாகத் தப்பித்துக்கொள்வார்கள்.

குறையும் உண்டு. எதிர்த்தரப்பை அழைத்து விசாரிக்கும் வழக்கம் அந்தக் கல்லுக்கு இல்லை. மாமியார் மீது மருமகளும், மருமகள் மீது மாமியாரும் ஒரே வாரத்தில் அரைத்துவிட்டுப் போனால் அம்மன் யார் பக்கம் நிற்பாள்?

ஆனாலும் முறையீடு இங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நன்னன் என்ற குறுநில மன்னனின் காவல் மரத்திலிருந்து உதிர்ந்து ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் ஒரு பெண். அதற்கு மரண தண்டனை. ஈடாக 81 யானைகளும், அவள் எடைக்குப் பொன்னில் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் நன்னன் கேட்கவில்லை. குறுந்தொகையின் 292ஆம் பாட்டில் பரணர் இதைச் சொல்கிறார். அதையும் ஒரு சாபத்துக்கு உவமையாகத்தான் எடுத்தாள்கிறார். அந்தக் கொலை அவ்வளவு தூரம் ஊர் வாயில் கிடந்திருக்கிறது. நன்னனின் நாட்டை வரலாறு எழுதுபவர்கள் கண்ணூர்ப் பக்கத்து ஏழில்மலையோடு சேர்க்கிறார்கள். ஆனைமலைக்காரர்களுக்கு அந்த வழக்கு முக்கியமில்லை. மயானத்தில் கிடந்த அந்தப் பெண்தான் தங்கள் மாசாணி என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது.

அரசன் செய்த அநியாயத்தால் எழுந்த தெய்வம் என்றால் கண்ணகி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டாள். இலங்கையின் மட்டக்களப்பில் வைகாசி மாதம் கண்ணகிக்குக் குளிர்த்திச் சடங்கு நடத்துகிறார்கள். அவள் கோபத்தை ஆற்றுவதற்கு. ஆனைமலையில் காரியம் கைகூடியவர்கள் திரும்பி வந்து எண்ணெய்க்காப்புச் சாத்துகிறார்கள். மிளகாய் எரிச்சலை மூட்டிவிட்டவர்களே வந்து அதை ஆற்ற வேண்டும். வாங்கின தீர்ப்போடு வீட்டுக்குப் போய்விடும் மனுதாரருக்கு இந்த மரியாதை தெரியாது.

இத்தனையும் சரி. தை மாதம் கொடியேறி நடக்கும் குண்டம் திருவிழாவில்தான் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஆற்றங்கரையில் நள்ளிரவில் மயான பூஜை நடக்கும். பிறகு ஒரு நாள் விடிகாலையில் குண்டம். ஆண்கள் வரிசையாக இறங்கி நடப்பார்கள். பெண்கள் இறங்குவதில்லை. ஆண்கள் நடந்து முடித்த பிறகு குண்டத்தின் ஓரத்துக்கு வந்து, கனிந்து கிடக்கும் தணலைக் கையால் வாரிப் போட்டுவிட்டுப் போவார்கள். ‘பூ வாரிக் கொடுப்பது’ என்று அதற்குப் பெயர். இதே கொங்கு நாட்டில், சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியில், பங்குனிக் குண்டத்தில் பெண்கள் கைக்குழந்தையோடும் இறங்குகிறார்கள். மனிதர்கள் முடித்த பிறகு ஆடு மாடுகளையும் நடத்துகிறார்கள். அங்கே எந்த அம்மனும் கோபித்துக்கொண்டதாகச் செய்தி இல்லை.

வழக்கம் என்று பதில் வரும். கோவில் அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. வழக்கத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லாத இடமல்ல. கொலையுண்ட ஒரு பெண்ணின் கோவிலில், தணலில் காலை வைக்கக் கூடாது, கையை வைக்கலாம் என்பது என்ன நாயம்? நீதிக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லடத்திலிருந்து பஸ் ஏறும் யாராவது ஒரு அம்மிணி, அடுத்த செவ்வாய்க்கிழமை இதற்கும் சேர்த்து நாலு மிளகாய் கூடுதலாகப் போட்டு அரைக்கலாம்.