பன்னிரண்டு வோல்ட்தானே!



நம் மெஷின்ஸ் லேபில் 415 வோல்ட் பேனல் முன்னால் நிற்கும்போது எவ்வளவு பயபக்தியோடு நிற்கிறோம்! ரப்பர் மேட் இருக்கிறதா, மெயின் ஆஃபா என்று இரண்டு தடவை பார்க்கிறோம். அதே நாம் வெளியே வந்ததும் பைக் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் விரலால் தொட்டுக் காட்டி, "ஒண்ணும் பண்ணாதுடா, பன்னெண்டு வோல்ட்தானே!" என்று ஜூனியர்களிடம் ஜம்பம் அடிக்கிறோம். நானும் அடித்தவன்தான். அந்தத் "தானே"வுக்கு எதிராக எழுதத்தான் இந்த மலரில் இடம் கேட்டேன்.

விடுமுறையில் நாமக்கல் பக்கம் ஒரு லாரிப் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு ரெக்கவரி வண்டி இருந்தது. ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட பழைய லாரி, நான்கு சக்கரமும் இழுக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மழைக்காலத்தில் ஏதாவது வண்டி ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் இதுதான் போய் இழுத்துவரும். முதலாளி அதற்கு எங்கோ சகாயமாகக் கிடைத்தது என்று ஒரு எலக்ட்ரிக் வின்ச் வாங்கி வந்தார். வண்டியோ 24 வோல்ட். வின்ச்சோ 12 வோல்ட்.

இது அவர் குற்றமில்லை. கார், ஜீப் எல்லாம் 12 வோல்ட் என்பதால் சந்தையில் கிடைக்கும் வின்ச்சுகளில் பெரும்பாலானவை 12 வோல்ட்தான். ராணுவ வண்டிகள் மட்டும் தனி ஜாதி. இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் ஜீப் வெறும் 6 வோல்டில் ஓடியது. 1950இல் அதே கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்குக் கொடுத்த எம்-38 ஜீப் 24 வோல்டுக்குத் தாவிவிட்டது. நம் பெரிய லாரிகளும் பஸ்களும் 24தான். ஆகவே ஒரு வண்டியில் இரண்டு வோல்டேஜ் என்ற தலைவலி எந்த ஊரிலும் உண்டு.

பட்டறையில் இந்தத் தலைவலிக்கு அரை நிமிடத்தில் மருந்து கிடைத்தது. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சீரிஸில் இருக்கின்றன அல்லவா? கீழ் பேட்டரியின், அதாவது நெகட்டிவ் பாடி எர்த்துக்குப் போகிற பேட்டரியின், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு ஒயரை இழுத்தால் 12 வோல்ட் தயார்! டேப் ரிக்கார்டர் காலத்திலிருந்து டிரைவர்கள் செய்துவரும் வேலை இது.

எனக்கு ஏதோ உறுத்தியது. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மெதுவாக, "அண்ணா, நடுவுல எடுத்தா ஒரு பேட்டரிக்கு மட்டும் லோடு வராதுங்களா?" என்றேன்.

"ஏந் தம்பி, இருவது வருசமா இப்படித்தான் பாட்டுப் பொட்டிக்கு எடுத்துக் குடுக்கறோம். பன்னெண்டு வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போவுது? போயி அந்த லக்கு பஞ்ச் பண்ற மிஷினை எடுத்துட்டு வாங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன். லக்கை நானே பஞ்ச் செய்து கொடுத்தேன். அவர் அனுபவசாலி, நான் படிக்கிற பையன், நாம் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உறுத்தல் மட்டும்தான் இருந்தது, கணக்கு இல்லை. கணக்கு இல்லாத உறுத்தலை எந்தப் பட்டறையிலும் யாரும் மதிக்கமாட்டார்கள். மதிக்கவும் வேண்டாம் என்றே இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கணக்கை இப்போது போட்டுக் காட்டுகிறேன். ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் இருப்பது நாம் படித்த ஓம்ஸ் லாதான், வேறொன்றுமில்லை.

சுமார் மூன்றரை டன் இழுக்கும் 12 வோல்ட் வின்ச் முழு பாரத்தில் 400 ஆம்பியர் வரை குடிக்கும். பாட்டுப் பெட்டி குடிப்பது நாலைந்து ஆம்பியர். "இருவது வருசமா எடுக்கறோம்" என்ற அனுபவம் அந்த நாலைந்து ஆம்பியரின் அனுபவம். பேட்டரிப் பெட்டியிலிருந்து முன் பம்பருக்கு 4 மீட்டர், திரும்பி வர 4 மீட்டர். நாங்கள் போட்டது 35 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர். மீட்டருக்கு சுமார் 0.55 மில்லி ஓம் என்று வைத்தால் எட்டு மீட்டருக்கு 4.4 மில்லி ஓம். இதெல்லாம் ஒரு ரெசிஸ்டன்ஸா என்று தோன்றும். 400 ஆல் பெருக்குங்கள்: 1.76 வோல்ட் ஒயரிலேயே போகிறது! 12இல் ஏழில் ஒரு பங்கு. வாட்டாகச் சொன்னால் 700. வீட்டில் இருக்கும் ஒரு இஸ்திரிப் பெட்டியை ஒயர் முழுக்க நீட்டிக் கட்டிவைத்த மாதிரி.

இதே வேலையை 24 வோல்ட் வின்ச் செய்தால் கரன்ட் 200. டிராப் 0.88 வோல்ட். சூடு 176 வாட், அதாவது நாலில் ஒரு பங்கு. ஐ ஸ்கொயர் ஆர் என்று தேர்வில் எழுதினோமே, அது இதுதான். வண்டி 24 என்றால் வின்ச்சும் 24 ஆக இருப்பதே முதல் மரியாதை. பல வின்ச்சுகளில் கியரும் டிரம்மும் இரண்டுக்கும் ஒன்றுதான். மோட்டாரையும் சோலினாய்டையும் மட்டும் 24க்கு மாற்றிவிடலாம். மாற்றாமல் 12 வோல்ட் வின்ச்சுக்கு நேராக 24 கொடுத்தால் சோலினாய்டு காயிலில் நாலு மடங்கு சூடு ஏறி முதலில் அது கருகும்.

சரி, ஒயர் சூட்டை விடுங்கள். பெரிய வினை பேட்டரியில்.

ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டருக்கு (பட்டறை மொழியில் டைனமோ கட்-அவுட்டுக்கு) இரண்டு பேட்டரியின் மொத்த வோல்டேஜ் மட்டும்தான் தெரியும். மொத்தம் 28.4 வர வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்குப் பாதி 14.2 என்று பிரிகிறதா என்று அது பார்ப்பதில்லை. நடுவில் ஒயர் இழுத்துவிட்டால் கீழ் பேட்டரி எப்போதும் பசியோடு 13க்குக் கீழே நிற்கும். மிச்சம் முழுவதும் மேல் பேட்டரி தலையில் விழும், 15க்கும் மேலே. ஒன்றுக்குப் பட்டினி, மற்றதற்கு அஜீரணம்! பட்டினி கிடந்தது சல்பேட் ஏறிச் சாகும். அஜீரணம் பிடித்தது தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாக ஊதித் தள்ளிவிட்டுச் சாகும். வின்ச் ஓடும்போது நிலைமை இன்னும் மோசம். கீழ் பேட்டரி 10 வோல்டுக்கு இறங்கும். மொத்தத்தைச் சரிக்கட்ட ரெகுலேட்டர் தன்னால் முடிந்த மட்டும் தள்ளும். மேல் பேட்டரி 16ஐயும் தாண்டும், கொதிக்கும்.

அந்த வண்டியின் கிளீனர் என் வயதுப் பையன். வின்ச் மாட்டி மூன்று வாரம் ஆவதற்குள் என்னிடம் வந்து, "அண்ணா, ஒரு பேட்டரி மட்டும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்குதுங்க. இன்னொண்ணு அப்படியே இருக்குது. என்னன்னு பாருங்களேன்" என்றான். "பேட்டரி பழசா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போனேன். பார்த்தீர்களா, நோயின் முதல் அறிகுறியைக் கண்டுபிடித்தது டிப்ளமோ படிக்கிற நான் அல்ல, அவன்!

நல்ல மழை நாளில் சரக்கு லாரி ஒன்று வளைவில் இறங்கிவிட்டது. நானும் கூடப் போனேன். ரோப்பைக் கட்டி இழுக்க ஆரம்பித்தார்கள். ஒரு கப்பி போட்டு ரோப்பை மடக்கி இழுத்திருந்தால் வேகம் பாதியாகும், ஆனால் ரோப்பின் மேல் பாரமும் பாதியாகி கரன்ட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். கிணற்றடியில் கப்பி பார்த்து வளர்ந்த ஊரில் கப்பி போட யாருக்கும் தோன்றவில்லை. நேராகவே இழுத்தார்கள். மூன்றாவது நிமிடம் வின்ச் முனகியது. சோலினாய்டு "டக டக டக" என்று அடித்துக்கொண்டது. வோல்டேஜ் விழுந்தால் காயிலுக்குப் பிடிமானம் போய்விடும். விட்டு விட்டுத் தொடும், தொடும்போதெல்லாம் நெருப்பு. கடைசியில் கான்டாக்ட் வெல்டாகி ஒட்டிக்கொண்டது. பட்டனை விட்டாலும் வின்ச் நிற்கவில்லை!

கட்-ஆஃப் ஸ்விட்ச்? போடவே இல்லை. பன்னிரண்டு வோல்ட்தானே.

கிளீனர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பேட்டரிப் பெட்டிக்கு ஓடினான், டெர்மினலைக் கழற்ற. ஓடும் லோடில் டெர்மினலைக் கழற்றினால் பொறி பறக்காமல் என்ன செய்யும்? பக்கத்தில் மேல் பேட்டரி கொதித்து, மூடிய பெட்டிக்குள் ஹைட்ரஜன் நிறைந்து கிடந்தது. வெடிகுண்டு மாதிரி ஒரு சத்தம். பேட்டரியின் மேல்மூடி பறந்தது. ஆசிட் அவன் முன்கை முழுக்க. குனிந்து பார்க்காமல் கையை மட்டும் நீட்டியிருந்ததால் கண் தப்பியது. மழைநீர் ஓடிய ஓடையில் கால் மணி நேரத்துக்கு மேல் கையைப் பிடித்து வைத்திருந்தோம். தழும்பு இன்றும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவன் என்னைக் கேட்டான்: "அண்ணா, நீங்க அன்னிக்கே ஏதோ கேட்டீங்கல்ல? இப்படி ஆகும்னு தெரியுங்களா?"

தெரியும் என்று சொன்னாலும் தப்பு, தெரியாது என்று சொன்னாலும் தப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வோல்டேஜே கூடாது என்பதல்ல என் கட்சி. 1980களில் அமெரிக்க ராணுவம் வாங்கிய செவர்லே சி.யு.சி.வி. வண்டிகளில் ஸ்டார்ட்டருக்கு 24, விளக்கு முதலானவற்றுக்கு 12 என்று இரண்டும் இருந்தன. ஆனால் அதற்கென்று இரண்டு ஆல்டர்னேட்டர் வைத்தார்கள், பேட்டரிக்கு ஒன்றாக. ஒன்றின் நெகட்டிவைப் பாடியோடு சேராமல் தனியே பிரித்தார்கள். இன்று சாலையில் ஓடும் மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் பேட்டரி பல நூறு வோல்ட், ஹாரனும் விளக்கும் 12. நடுவில் டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது வோல்டேஜை முறையாக உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஒரு பேட்டரியின் வயிற்றிலிருந்து திருடுவதில்லை.

"சின்ன லோடுக்குமா கூடாது?" என்பீர்கள். செல்போன் சார்ஜருக்கு நடு ஒயரே தேவையில்லை, பெரும்பாலான வண்டி சார்ஜர்கள் 12இலும் 24இலும் ஓடும். பாட்டுப் பெட்டிக்கு ஒரு சின்ன கன்வெர்ட்டர் போதும். மாதம் ஒருமுறை இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றி வைக்கிற பழைய டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். புத்திசாலித்தனம்தான், ஆனால் நோயை இரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற வைத்தியம். ஈக்வலைசர் என்று ஒரு பெட்டி வருகிறது, சில பத்து ஆம்பியர் வரை சமன் செய்யும். 400 ஆம்பியர் வின்ச்சோடு அதனால் உடனுக்குடன் ஓட முடியாது.

12 வோல்ட் ஜீப்பில் 24 வோல்ட் வின்ச் மாட்ட ஆசைப்படும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாவது பேட்டரியை வின்ச் ஓடும்போது மட்டும் சீரிஸிலும் மற்ற நேரம் பேரலலிலும் மாற்றுகிற ஸ்விட்ச் உண்டு. அது பழைய தொடர்பை முழுக்க விட்ட பிறகே புதியதைத் தொட வேண்டும். பாதியில் ஒட்டிக்கொண்டால் அந்த இரண்டாவது பேட்டரி டெட் ஷார்ட்.

எங்கள் வண்டிக்கு 24 வோல்ட் மோட்டார் கிடைக்கவில்லை. அதனால் கேபின் பின்னால் வின்ச்சுக்கென்றே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைப் பேரலலில் வைத்தோம். மெயின் 24இலிருந்து ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர் 20 ஆம்பியர் கொடுத்து அவற்றை நிரப்பும். முழு பாரத்தில் மூன்று நிமிடம் இழுத்தால் 20 ஆம்பியர்-அவர் செலவு. திரும்ப நிரம்ப ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். மலையிறங்கி வீடு வரும் நேரம்! ஒயர் 70 சதுர மில்லிமீட்டர். காற்றோட்டத்துக்குப் பெட்டியில் ஓட்டை. கீழே நின்றே எட்டிப் பிடிக்கிற உயரத்தில் சிவப்புக் கட்-ஆஃப் கைப்பிடி.

இந்தத் தடவை கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போய் எலக்ட்ரீஷியன் அண்ணன் முன்னால் வைத்தேன். முழுக்கப் படித்தார். "இதை அன்னிக்கே எழுதிக் காட்டியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் சுட்டது.

கிளீனர் மறுபடி அதே வண்டிக்கு வந்துவிட்டான். வாராவாரம் நாலு பேட்டரியின் மூடியையும் திறந்து, தண்ணி ஒரே அளவில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறான். ஒன்றில் அரை விரல் குறைந்தாலும் எனக்கு போன் வருகிறது.