உரிமம் ஒன்று, வாகனம் இரண்டு!

கியர் இல்லாத ஸ்கூட்டரை ஓட்டிக் காட்டி உரிமம் பெற்ற ஒருவர், கியர் உள்ள மோட்டார் சைக்கிளைச் சாலையில் ஓட்டினால் அது குற்றம். அவரே தானியங்கி கியர் கொண்ட காரை ஓட்டிக் காட்டி உரிமம் பெற்று, மறுநாளே கிளட்சும் கியரும் உள்ள காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினால் அது குற்றமல்ல. இரு சக்கர வாகனத்தில் சட்டத்துக்குத் தெரிகிற வேறுபாடு, நான்கு சக்கர வாகனத்தில் மட்டும் தெரியாமல் போனது விந்தைதான்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தெந்த வகை வாகனங்களுக்கு உரிமம் வழங்கலாம் என்பதை அதன் 10-வது பிரிவு வரையறுக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் கியர் உள்ளவை, இல்லாதவை என அங்கே பிரிக்கப்பட்டுள்ளன. கார்களோ 'இலகுரக மோட்டார் வாகனம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்கிவிடுகின்றன. சட்டம் இயற்றியவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் மாருதி 800-ம் சாலைகளை நிறைத்திருந்த காலம் அது. கார் ஓட்டத் தெரியும் என்றாலே கியர் மாற்றத் தெரியும் என்றுதான் பொருள். இல்லாத வேறுபாட்டைச் சட்டம் எழுதி வைக்க வேண்டிய தேவை அன்று எழவில்லை.

இன்று நிலைமை வேறு. வசதி படைத்தவர்களின் கார்களில் மட்டுமே காணப்பட்ட தானியங்கி கியர், 2014-ல் மாருதியின் செலிரியோ வந்த பிறகு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களின் நெரிசலில் நிமிடத்துக்குப் பத்து முறை கிளட்சை மிதித்து அலுத்தவர்கள் அதை விரும்பி ஏற்றனர். இப்போது பெருகிவரும் மின்சாரக் கார்களில் ஓட்டுநர் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. கிளட்சைத் தொட்டே பார்க்காத தலைமுறை ஒன்று ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. சட்டம் மட்டும் 1988-லேயே நின்றுகொண்டிருக்கிறது.

ஓட்டுநர் தேர்வில் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதி பட்டியலிடுகிறது. போக்குவரத்துக்கு ஏற்ப உயர் கியரிலிருந்து விரைந்து கீழ் கியருக்கு மாற்றத் தெரிய வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைக்கத் தெரிய வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி உருளவிடாமல் மீண்டும் கிளப்பத் தெரிய வேண்டும் என்கிறது அந்த விதி. தானியங்கி காரில் வருபவர் இவற்றில் கியர் மாற்றுவது தொடர்பானவற்றை எப்படிச் செய்து காட்டுவார்? விதி கேட்பதைச் செய்து காட்ட வாகனத்தில் வழியில்லை. ஆனாலும் அவருக்குக் கிடைக்கும் உரிமத்துக்கும், கியர் மாற்றிக் காட்டித் தேறியவரின் உரிமத்துக்கும் ஓர் எழுத்துகூட வேறுபாடு இல்லை.

இது வெறும் ஏட்டளவிலான முரண்பாடு அல்ல. தில்லியிலிருந்து விடுமுறைக்கு சிம்லாவுக்கும் மசூரிக்கும் நைனிடாலுக்கும் செல்லும் கார்களின் வரிசையில், வாடகைக்கு எடுத்த காரோ நண்பரின் காரோ இருக்கக்கூடும். ஏற்றத்தில் நெரிசலில் நின்ற வண்டியைக் கிளப்ப, கிளட்சையும் ஆக்ஸிலரேட்டரையும் கைபிரேக்கையும் ஒத்திசைத்து இயக்க வேண்டும். பழகாதவர் தடுமாறினால் பின்னால் நிற்கும் வாகனத்தின் மீதோ, அருகில் நடந்து செல்பவர் மீதோ வண்டி உருளும். இறக்கத்தில் கீழ் கியரில் வந்தால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். அதை அறியாதவர் வழி நெடுக பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளும் இடமாக மலைச்சாலை இருக்கக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. கியர் காரில் பழகியவர் முதன்முறையாகத் தானியங்கி காரில் அமரும்போது, அவரது இடது கால் பழக்க வேகத்தில் இல்லாத கிளட்சைத் தேடி பிரேக்கை அழுத்திவிடுவதுண்டு. எனினும் தானியங்கியைப் பழகிக்கொள்ள ஒருவருக்குச் சிறிது நேரமே போதும். கியரைப் பழக அதைவிடப் பல மடங்கு பயிற்சி தேவை. கியர் உள்ள மோட்டார் சைக்கிள் தேர்வில் தேறியவர் கியர் இல்லாத வண்டிக்கும் தகுதி பெற்றவராகவே கருதப்படுவார் என்று இரு சக்கர வாகனங்களுக்குச் சட்டம் வழிசெய்திருப்பது இதனால்தான். அந்த நியாயம் கார்களுக்கும் பொருந்தும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முனைந்த கேரள அரசு, வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அம்மாநிலப் போக்குவரத்து ஆணையர் பிறப்பித்த சுற்றறிக்கை, ஓட்டுநர் தேர்வைக் கடுமையாக்கியதுடன், தேர்வுக்குத் தானியங்கி கார்களையும் மின்சாரக் கார்களையும் பயன்படுத்தக் கூடாது என்றும் கூறியது. பயிற்சிப் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின, தேர்வுகள் முடங்கின, அரசு சில நிபந்தனைகளைத் தளர்த்தியது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2025 ஜூலையில் அந்தச் சுற்றறிக்கை ரத்து செய்யப்பட்டது.

தேர்வு தரமானதாக இருக்க வேண்டும் என்ற கேரளத்தின் நோக்கத்தில் பிழையில்லை. தேர்ந்தெடுத்த வழிதான் பிழை. தானியங்கி காரை மட்டுமே ஓட்ட விரும்புபவரிடம், அவர் ஒருபோதும் தொடப்போகாத கியரில் தேறிக் காட்டு என்று கேட்பது முறையல்ல. இடது காலில் வலுவிழந்தவருக்கும், மூட்டுவலியால் அவதிப்படும் முதியவருக்கும் தானியங்கி கார் ஆடம்பரப் பொருள் அன்று. பிறர் துணையின்றி வெளியே சென்றுவர அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. அந்த வாய்ப்பை ஒரு சுற்றறிக்கை பறித்துவிடக் கூடாது.

தடை விதிக்காமலும், கண்ணை மூடிக்கொள்ளாமலும் இதைக் கையாள முடியும் என்பதற்குப் பல நாடுகள் சான்று. பிரிட்டனில் தானியங்கி காரில் தேறியவர் அத்தகைய கார்களை மட்டுமே ஓட்டலாம். கியர் காருக்கு அவர் மீண்டும் தேர்வுக்குச் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் தானியங்கி கார்களுக்கென்றே '3ஏ' என்ற தனிப் பிரிவு இருக்கிறது. ஜப்பான் 1991-லேயே தானியங்கிக்கு மட்டுமான உரிமத்தை அறிமுகப்படுத்தியது. 2021 ஏப்ரலில் ஜெர்மனி மேலும் ஒருபடி சென்றது. தானியங்கி காரில் தேர்வெழுதுபவர், பயிற்சிப் பள்ளியில் கியர் காரில் குறைந்தது 10 பாடங்கள் பயின்று, 15 நிமிடம் ஓட்டிக் காட்டிச் சான்று பெற்றால் இரு வகைக் கார்களையும் ஓட்டலாம் என்று அங்கே விதி வகுக்கப்பட்டது.

இந்தியாவும் இத்தகைய வழியை மேற்கொள்ளலாம். விருப்பமான காரில் தேர்வெழுதும் உரிமை அனைவருக்கும் இருக்கட்டும். தானியங்கி காரில் தேறியவரின் உரிமத்தில் அதற்கான குறிப்பு இடம்பெறட்டும். பின்னாளில் கியர் காரும் ஓட்ட விரும்பினால், பழகுநர் உரிமத்திலிருந்து மீண்டும் தொடங்காமல், கியர், கிளட்ச், ஏற்ற இறக்கம் ஆகியவற்றை மட்டும் சோதிக்கும் ஒரு குறுந்தேர்வு போதும். ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களை இது பாதிக்கக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களில் தேறியவர்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் தேர்விலிருந்து விலக்களிக்கும் விதிகள் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. இலகுரக வாகனங்களுக்கு அங்கே நான்கு வாரங்களில் 29 மணி நேரப் பயிற்சி வகுக்கப்பட்டுள்ளது. அந்தப் பாடத்திட்டத்தில் இரு வகைக் கார்களுக்கும் இடமளிப்பது கடினமான காரியமல்ல.

புதிய குறிப்பு என்றால் புதிய கட்டணம், புதிய வரிசை, புதிய இடைத்தரகர் என்ற அச்சம் மக்களுக்கு எழுவது இயல்பே. அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. எனவேதான் குறுந்தேர்வுக்கான கட்டணமும் காலக்கெடுவும் விதியிலேயே எழுதப்பட வேண்டும். அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்படும் ஒவ்வொரு சலுகைக்கும் ஒரு விலை உண்டு என்பதை நமது போக்குவரத்து அலுவலகங்களின் வாசலில் நின்றவர்கள் அறிவார்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றும் தேவை. உரிமத்தில் எழுதப்படும் ஒவ்வொரு நிபந்தனையும், இழப்பீட்டைத் தட்டிக்கழிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு வாதமாகிவிடுகிறது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தை ஓட்டலாமா என்ற ஒரே கேள்வி, 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு விடையளித்த பிறகும் ஓயவில்லை. ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்த பிறகே அது முடிவுக்கு வந்தது. தானியங்கிக் குறிப்பும் அத்தகைய நெடிய வழக்குகளுக்கு வித்திடலாகாது. ஓட்டுநரின் உரிமத்தில் குறையிருந்தாலும், விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு வழங்கிவிட்டு, அதை வாகன உரிமையாளரிடம் காப்பீட்டு நிறுவனம் வசூலித்துக்கொள்ளச் செய்யும் வழியை உச்ச நீதிமன்றம் 2004-லேயே காட்டியிருக்கிறது. புதிய விதியிலும் அந்தப் பாதுகாப்பு ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். ஓட்டியவரின் தவறுக்கு, இறந்தவரின் குடும்பம் தண்டனை அனுபவிக்கக் கூடாது.

இதைச் செய்ய வேண்டிய பொறுப்பு மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தையே சாரும். ஓட்டுநர் தேர்வுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 27-வது பிரிவு மத்திய அரசுக்கே அளித்துள்ளது. மாநிலத்துக்கு ஒரு விதமாகச் சுற்றறிக்கை வெளியிட்டு, பின்னர் நீதிமன்றத்தில் அவற்றை இழக்கும் நிலை தொடரலாகாது. நாடெங்கும் செல்லுபடியாகும் உரிமத்துக்கு நாடெங்கும் ஒரே அளவுகோல்தான் இருக்க முடியும்.

அமைச்சகத்தின் கணக்குப்படியே 2022-ஆம் ஆண்டில் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அந்த மரணங்களுக்கெல்லாம் கியர்தான் காரணம் என்று எவரும் கூறமாட்டார்கள். அதிவேகமும் கவனக்குறைவும் மோசமான சாலைகளும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆனால், ஓட்டத் தெரிந்தவர் கையில்தான் வாகனம் இருக்கிறது என்ற உறுதிப்பாடே சாலைப் பாதுகாப்பின் முதல் படி. அந்தப் படியே ஆட்டம் காணலாமா?

ஓட்டுநர் உரிமம் என்பது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அடையாள அட்டை மட்டுமல்ல. இந்த வாகனத்தை இவர் பிறருக்குத் தீங்கின்றி ஓட்டுவார் என்று, சாலையில் நடந்து செல்பவருக்கு அரசு அளிக்கும் உத்தரவாதம் அது. சோதித்துப் பாராத திறமைக்கு உத்தரவாதம் அளிக்க அரசுக்கு உரிமை இல்லை!