மகனுக்கு 600 வேணுமாம்

"அப்பா, 2003 ஆர்6, விலையும் பரவாயில்லை" எண்டு 19 வயது மகன் போனை நீட்டினான். 125இல் எல் பிளேட்டோடு ஓடினவனுக்கு 600 எண்டால் கனவுதானே. வெறும் "வேண்டாம்" எண்டால் ஒளிச்சு வாங்குவான். 2001இல் ஏஸ் கஃபே திரும்பத் திறந்தபோது வாசலில் நிண்டு வாய் பார்த்தவன் நான், எந்த முகத்தோடு மறிக்கிறது?

இருந்து கணக்குப் பாத்தம். அந்த வயதுக்குக் கிடைக்கிறது ஏ2 லைசென்ஸ், 35 கிலோவாட்தான் எல்லை. பெரிய பைக்கின் பவரைக் குறைச்சு ஓடலாம். ஆனால் அதன் அசல் பவர் 70ஐத் தாண்டக்கூடாது. ஆர்6 தாண்டும். பழைய எஸ்வி650 தாண்டாது. ஏ2வில் இரண்டு வருசம் ஓடினால், 21 வயதில் அடுத்த டெஸ்ட் எடுக்கலாம்.

பிறகு யூலெஸ். 2007 ஜூலைக்கு முந்தின பைக்குகள் பெரும்பாலும் அதில் மாட்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க, ஓடுற நாளுக்கு £12.50. வேலைக்கு ஐந்து நாள் ஓடினால் வாரம் £62.50! மலிவு பைக் எண்டது அங்கேயே முடிஞ்சுது.

பார்க்கப் போனால் முதலில் எஞ்சினைத் தொடுங்கோ. சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் வராததை மறைக்கிறாங்களோ எண்டு யோசியுங்கோ. டயரில் 2310 எண்டால் 2010இன் 23ஆம் வாரம் செய்தது, மாத்த வேணும். எம்ஓடி வரலாறு ஒன்லைனில் இலவசம். லொக்புக்கில் பேர் இருக்கிறவர்தான் சொந்தக்காரர் எண்டில்லை, கடன் பாக்கியையும் பாருங்கோ.

ஹெல்மெட் மட்டும் பழசு வேண்டாம். அதை நானே புதுசாய் வாங்கிக் குடுத்தன்.