சூரியன் பேரால்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தின் காதைத் திருகுகிறார்கள். வசந்தத்தில் ஒரு மணி முன்னுக்கு; இலையுதிர் காலத்தில் ஒரு மணி பின்னுக்கு. ஏன் ஐயா என்று கேட்டால், "பருவத்துக்கு ஏற்ப, சூரியனுக்கு ஏற்ப" என்று பதில் வருகிறது. காதுக்கு இனிமையான பதில்தான். சூரியனை அநுசரித்து வாழ்கிறவனை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் கையில் காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால் இது பச்சைப் பொய் என்று தெரிகிறது.

கணக்கு சின்னக் கணக்கு. பூமியின் வடபாதியில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-ல் வருகிறது. அதற்கு எட்டு வாரம் முன்னால் பகல் எவ்வளவு நீளமோ, எட்டு வாரம் பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவே நீளம். சூரியனுக்குப் பட்சபாதம் கிடையாது. லண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று, அதாவது அந்தக் குறும்பகலுக்குச் சுமார் 8 வாரம் முன்பு, கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அப்படியானால் பிப்ரவரி நடுவிலேயே முன்னுக்குத் தள்ளியிருக்க வேண்டாமா? மார்ச் கடைசி ஞாயிறு வரை, சுமார் 14 வாரம், காத்திருக்கிறார்களே!

"பகலின் நீளத்தைப் பார்க்காதீர், விடியும் நேரத்தைப் பாரும்" என்று ஒரு கெட்டிக்காரர் குறுக்கிடலாம். நியாயமான ஆட்சேபம். பூமியின் சாய்வும், அது சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து, சூரியனுடைய நண்பகலையும் கடிகாரத்தின் நண்பகலையும் சற்றே பிரித்துவைக்கின்றன. அதனால் லண்டனில் மிகத் தாமதமாக விடிவது டிசம்பர் இறுதியில்தான். சரி, அதையும் சேர்த்துக்கொள்வோம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று விடிந்த அதே நேரத்துக்குச் சூரியன் மறுபடி எழுவது பிப்ரவரி இறுதியிலோ மார்ச் முதல் வாரத்திலோ. இன்னும் மூன்று நான்கு வாரம் உதைக்கிறது. இந்த வாரங்களுக்குச் சூரியன் பொறுப்பாளி அல்ல.

யார் பொறுப்பாளி? 1995 வரை ஐரோப்பாக் கண்டத்து நாடுகள் செப்டம்பர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பி வைத்தன. பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி அமைந்திருந்ததால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. பிரிட்டனோ அக்டோபர் வரை நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே தேதி வேண்டும் என்று 1996 முதல் அக்டோபர் கடைசியை நிர்ணயித்தார்கள். அந்த ஆண்டு பூமியின் அச்சு ஒன்றும் நகர்ந்துவிடவில்லை. நகர்ந்தது பேனா.

அமெரிக்காவில் விஷயம் இன்னும் பட்டவர்த்தனம். கோடை நேரத்தை நீட்டவேண்டும் என்று 1980-களில் வாதாடப் போனவர்களில் கோல்ஃப் விளையாட்டுத் தொழில்காரர்களும், இறைச்சி சுடுவதற்குக் கரி விற்பவர்களும் உண்டு. அக்டோபர் 31-ல் குழந்தைகள் வீடுவீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் மாலைக்கு வெளிச்சம் வேண்டும் என்று மிட்டாய் முதலாளிகளும் ஆசைப்பட்டார்கள். 2005-ல் இயற்றிய சட்டத்தால், 2007 முதல் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை நீண்டது. சட்டத்துக்குப் பெயர் எரிபொருள் சிக்கனம். மிட்டாய்க்காரருக்கு அவர் கேட்ட மாலை கிடைத்துவிட்டது.

வியாபாரம் செய்வது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாலையில் கூடுகிற ஒரு மணி வெளிச்சம் வானத்திலிருந்து உபரியாகக் கொட்டுவதில்லை. யாரோ ஒருவருடைய காலையிலிருந்து பறித்துக் கொடுப்பது. 1968 முதல் 1971 வரை பிரிட்டனில் குளிர்காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி முன்னாலேயே வைத்துப் பார்த்தார்கள். வட ஸ்காட்லாந்தில் காலை பத்து மணி நெருங்கும்போதுதான் விடிந்தது. குழந்தைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். பால்காரர் இருட்டில் வாசற்படி ஏறினார். கடைசியில் பாராளுமன்றம் 366-க்கு 81 என்ற வாக்கில் அந்தச் சோதனையை மூட்டை கட்டியது.

"நாம் மட்டும் யோக்கியமா? தை முதல் தேதி உத்தராயணம் என்கிறோமே!" என்று கேட்கலாம். உண்மைதான். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே நடந்துவிடுகிறது. நம் பஞ்சாங்கம் மூன்று வாரத்துக்கு மேல் பின்தங்கி நிற்கிறது. ஆனால் அது பூமியின் அச்சு, சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம், மெல்லச் சுழன்றதால் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த பிசகு. எந்த மளிகைக்கடைக்காரரும் கேட்டு வாங்கிய பிசகு அல்ல. பிசகைத் திருத்தலாம், பொய்யைத் திருத்த முடியாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. கடிகாரத்தை நகர்த்துங்கள், நகர்த்தாமல் இருங்கள்; அது உங்கள் இஷ்டம். நகர்த்தும்போது "கடைகளுக்காக, கேளிக்கைக்காக, அண்டை நாட்டோடு ஒத்துப்போவதற்காக" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காலையைப் பறிகொடுக்கிறவன் தனக்கு இது சம்மதமா என்று அப்போதுதான் யோசிக்க முடியும். சூரியனைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். கூண்டில் ஏறிப் பேசமாட்டான் என்ற தைரியத்தில் ஒருவன் பெயரில் பொய் எழுதுவது, பூலோகத்திலும் குற்றம்தான்.